வெட்டாமல் விட்ட ஜாக்கெட்

துணியில் தப்பாகத் தைத்துவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஊசி போன தடம் ஒரு துவைப்பில் மறைந்துவிடும். தோல் அப்படி இல்லை. தோலில் ஒரு தடவை ஊசி இறங்கினால் அந்த ஓட்டை அந்தத் தோல் உள்ளவரைக்கும் இருக்கும். அதனால் நம் தொழிலில் கை வேலை செய்யும் நேரத்தைவிட, கையைக் கட்டிக்கொண்டு மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நேரம்தான் முக்கியம். சூப்பர்வைசர் வந்து "இன்னா சும்மா உக்காந்துகினு இருக்கே?" என்று கேட்பார். கேட்கட்டும்.

நான் ஆரணிக்காரி. பட்டு ஊரில் பிறந்துவிட்டுத் தோல் வேலைக்குப் போனவள். தினமும் பஸ் ஏறி ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஆடைக் கம்பெனிக்குப் போய், மாதிரி ஆடை தைக்கும் சாம்பிள் ரூமிலேயே என் வேலைக்காலம் முழுவதையும் கழித்து, அதே ரூமுக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். தோல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நிறையப் பேர் இப்போது அதே சாலையில் கம்பெனி வேனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு நானும், என்னோடு வேலை செய்த கட்டிங் மாஸ்டர் பாபு பாயும் சேர்ந்து ஆரணி பஜார் பக்கத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடை வைத்தோம். கைப்பை, பெல்ட், பைக் சீட், எப்போதாவது ஒரு ஜாக்கெட். இந்தக் கடைக்கு வந்த ஒரு ஜாக்கெட்டைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், பழைய ஜாக்கெட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இது புரியாது.

கம்பெனியில் ஒரு சமயம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். இதே போல வேண்டும், புதிதாக, ஆனால் பழையதாக என்றார். எங்களுக்குச் சிரிப்பு. புதுத் தோலை உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தோம். கல்லோடு டிரம்மில் போட்டு உருட்டினோம். ஓரமெல்லாம் வெளுக்க வைத்தோம். பையர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இது பழசாகியிருக்கிறது, ஆனால் யாரும் இதைப் போட்டுக்கொள்ளவில்லை என்றார்.

எங்கள் ரூமில் அப்போது, தைத்ததைச் சரிபார்க்கும் ஒரு செக்கர் அம்மா இருந்தார். அவர் அந்தப் பழைய ஜாக்கெட்டை எடுத்து, பொத்தான்களைப் போட்டு, வெறுமனே மேஜைமேல் உட்கார வைத்தார். தோல் அவ்வளவு கெட்டி, தானாகவே நின்றது. கைகள் இரண்டும் முழங்கையில் மடங்கி முன்னால் நீண்டிருந்தன. ஆள் இல்லாமலே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது ஜாக்கெட். "எங்க தேஞ்சிருக்குன்னு பாக்காதீங்கடி. எதனால தேஞ்சுதுன்னு பாருங்க" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகுதான் எங்கள் கண் திறந்தது. ஆக்ஸிலரேட்டர் முறுக்கும் வலது மணிக்கட்டு இடதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. வயிற்றுப் பக்கம் பெட்ரோல் டாங்கில் உரசிய இடம் பளபளத்தது. கழுத்துப் பட்டையில் தாடை பட்ட இடம் மெத்தென்று இருந்தது. அந்த ஜாக்கெட்டின் அழகு முழுவதும் ஒரு மனிதர் அதற்குள்ளே உட்கார்ந்து செய்தது. அதை எங்களால் டிரம்மில் உருட்டிச் செய்ய முடியவில்லை. பையருக்கு ஏதோ ஒன்றைச் செய்து அனுப்பினோம். அது வேறு கதை.

இப்போது ஆரணிக்கு வருவோம்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்கள். காலையில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த சுகிர்தம் அக்கா கடைக்கு வந்தார். தேவிகாபுரம் பக்கம் கிராமச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்களிலெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போய்த் தடுப்பூசி போட்டவர். கையில் ஒரு பழைய போர்வையில் சுற்றிய மூட்டை. மேஜையில் வைத்து அவிழ்த்தார். பாபு பாய் தைத்துக்கொண்டிருந்த பையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அக்காவின் கணவர் இஸ்ரவேல் அண்ணனின் ஜாக்கெட். எங்கள் ஊரில் அதை அறியாதவர்கள் குறைவு. அண்ணன் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போகிற வேலையில் இருந்தவர். வடக்கே மலைப் பக்கத்தில், பழைய துணி குவித்து விற்கிற சந்தையில் அதை வாங்கினாராம். அப்போதே அது பழையது. ஊர் திரும்பிக் களம்பூர் அரிசி மில்லில் மெக்கானிக் ஆனார். மார்கழிப் பனியில் நெல் வயலுக்கு நடுவே அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவர் போவதைப் பார்த்து, வெயில் ஊரில் இந்த மனுசனுக்கு எதுக்கு இது என்று சிரித்தவர்கள் உண்டு. பனியில் ஒரு தடவை அவரோடு பைக்கில் போனவர்கள் சிரித்ததில்லை.

சும்மா தூரத்திலிருந்து பார்த்ததைத் தவிர, நான் அதைத் தொட்டது அன்றைக்குத்தான். நம் கம்பெனியில் ஓடுவதெல்லாம் ஆட்டுத் தோல், கொஞ்சம் மாட்டுத் தோல். மெல்லிசாக, பூனைக்குட்டி போல வளையும். இது வேறு. குதிரைத் தோல் என்று பாபு பாய் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எடுத்தால் கை இறங்குகிறது. மேலே கறுப்பு, உள்ளே பழுப்பு. தேய்ந்த முழங்கையிலும் காலர் முனையிலும் கறுப்புப் போய் வெல்லப்பாகு நிறம் எட்டிப் பார்த்தது. சாயத்தை மேலே பூசி நிறுத்தாமல், மரப்பட்டை போட்டு மெதுவாகப் பதனிட்ட தோல் அப்படித்தான் வயதாகும், உரிந்து விழாது. நெஞ்சுக்குக் குறுக்கே ஏறும் பித்தளை ஜிப் இன்னும் ஒரே இழுப்பில் ஓடியது. முதுகில் இரண்டு பக்கமும் மடிப்பு வைத்திருந்தார்கள், கையை முன்னால் நீட்டும்போது விரிந்து கொடுக்க. அந்த மடிப்பை வைத்தவர் வண்டி ஓட்டத் தெரிந்தவர். லேபிள் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. யார் தைத்தது என்று தெரியாது. தையலைப் பார்த்தாலே போதும், வணக்கம் சொல்லத் தோன்றும்.

இடது கைக்குள்ளே லைனிங் துணி மட்டும் புதிதாகக் கிழிந்திருந்தது.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது எனக்குத் தெரியும். இடது கை தூக்க வராது, கால் இழுத்து இழுத்து நடப்பார், பேச்சு குழறும். சுகிர்தம் அக்கா தன் ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, முதுகுக்குச் சாய்மானமும் போட்டு, அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. கொஞ்ச காலமாக அண்ணன் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

அக்கா சொன்னது இது. கிறிஸ்மஸ் காலை ஆராதனைக்கு வருகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். அவர் வலது கையைத் தூக்கி ஆணியில் மாட்டியிருந்த ஜாக்கெட்டைக் காட்டினாராம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் ஒன்றை வேண்டும் என்று காட்டியது அதுதான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே எடுத்து அவருக்குப் போட்டுவிடப் பார்த்திருக்கிறார். வலது கை நுழைந்தது. இடது கை நுழையவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. இழுத்ததில் லைனிங் கிழிந்தது. அண்ணன் கத்திவிட்டார்.

"இந்தக் கைய மேலருந்து கீழ வரைக்கும் பொளந்துடு மார்த்தா" என்றார் அக்கா. "ஜிப்பு வையி, வெல்க்ரோ வையி, இன்னா வேணா பண்ணு. அவரு போட்டுக்கணும். போட்டாதான் வெளியே வருவாரு."

ஆட்டோவில் கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டேன். மூட்டை மாதிரி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

அக்கா போன பிறகு பாபு பாய் ஜாக்கெட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அவருக்கும் அன்று சண்டை. இப்படி ஒன்றை இனிமேல் பார்க்கக் கிடைக்காது, இதில் கத்தி வைக்க மாட்டேன் என்றார் அவர். ஆளுக்காகத்தானே ஜாக்கெட், ஜாக்கெட்டுக்காக ஆளா என்றேன் நான். இதற்கு நடுவில் சீட் தைக்க வந்த ஒரு புல்லட்காரத் தம்பி அதைப் போனில் படம் பிடித்து, வெட்டப் போகிறார்கள் என்று எழுதி இணையத்தில் போட்டுவிட்டான். அன்று சாயங்காலமே பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, வெட்டிவிடாதீர்கள், நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். அது எங்களுடையது இல்லை என்று சொல்லி வைத்தேன். ஆனால் அது பாபு பாய்க்கு இன்னும் பலம் கொடுத்துவிட்டது.

"ஜல்தி பண்ணாதீங்க மார்த்தாம்மா" என்றார். "வெட்டினா வெட்டினதுதான். நாளைக்கு அவரு கை சரியாப் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

கை சரியாகாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று சரி. இடது கையின் அடித்தையலைப் பிரித்தால் புது ஓட்டை போடாமலே, பழைய ஓட்டைகளிலேயே ஜிப்பைத் தைத்துவிட முடியும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வேலை எனக்குத் தெளிவாக இருந்தது. ஊசிகூட எடுத்து வைத்துவிட்டேன். அப்புறமும் உட்காரவே முடிந்தது, ஆரம்பிக்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. இந்த வேலையை என்னிடம் கேட்டது அக்கா. போட்டுக்கொள்கிறவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஜாக்கெட்டைக் காட்டிக் கையை நீட்டினார், அவ்வளவுதான்.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸ் நெருங்குகிறது, கேட்டவர் அழுகிற நிலையில் இருக்கிறார், வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் கை தானாகக் கத்திக்குப் போகும். அந்த நேரத்தில் ஒரு தெரு தாண்டிப் போய்க் கேட்டுவிட்டு வருவது ஏதோ காலத்தை வீணாக்குவது போலத் தோன்றும். போய்விட்டு வாருங்கள்.

மறுநாள் காலை ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் "வாம்மா, தோல் டாக்டரு" என்பார். அன்று தலையை மட்டும் அசைத்தார். நான் ஜாக்கெட்டை அவர் மடியில் வைத்தேன். அளவு எடுக்க டேப்பை எடுத்ததும் அவர் முகம் மாறியது. வலது கையால் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாத" என்றார். குழறினாலும் அந்தச் சொல் தெளிவாக வந்தது.

அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். வெட்டாமல் எப்படிப் போட்டுக்கொள்வீர்கள், கை வரவில்லையே என்று கெஞ்சினார். அண்ணன் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். ஜாக்கெட்டை ஒரு கையாலேயே தூக்க முயன்றார். கனம், தூக்க வரவில்லை. அதை அக்கா பக்கமாகத் தள்ளினார்.

"ஒனக்கு" என்றார். "நீ... போட்டுக்க."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் நிறையச் சாவுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். போகிறவர்கள் போவதற்கு முன்னால் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வாட்சை ஏற்கனவே மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். இப்போது இது.

"எனக்கு எதுக்குங்க உங்க ஜாக்கெட்டு?" என்றார். "எல்லாத்தையும் குடுத்துட்டு நீங்க எங்க போப்போறீங்க?"

அண்ணனுக்குக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல முயன்றார், வாய் ஒத்துழைக்கவில்லை. வலது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். அக்கா உள்ளே போய்விட்டார்.

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் இரண்டு வேலை இருந்தன: ஒருவர் தனக்கு வேண்டாம் என்கிற ஜாக்கெட்டை அவருக்காகப் பிளப்பது, அல்லது இன்னொருவர் தனக்கு வேண்டாம் என்கிற ஜாக்கெட்டை அவர் அளவுக்குச் சுருக்குவது. இரண்டுமே தப்பாகப் பட்டது. என்ன செய்வது என்று தெரியாதபோது எனக்கு ஒரே பழக்கம்தான். மறுபடியும் சரக்கைப் பார்ப்பேன். ஜாக்கெட்டை எடுத்து, ஜிப்பை ஏற்றி, கீழே பாயில் உட்கார வைத்தேன். அதுவும் கைகளை நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார். நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

வலது மணிக்கட்டுத் தேய்மானம் இருந்தது. வயிற்றுப் பக்கம் பளபளப்பு இருந்தது. பின்பக்கம் திருப்பினேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் கறுப்பு முழுவதும் போய், பழுப்பாக, மழமழவென்று இருந்தது. இடது பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவர் உடம்பு அங்கே எதிலும் உரசாது. என்ன என்று யோசித்தபடி என் கையை அதன்மேல் வைத்தேன். வைத்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும் பெண் பிடித்துக்கொள்கிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை தோறும், கல்யாணம் காட்சி என்றால் அதற்கும், சுகிர்தம் அக்கா சேலை கட்டிக்கொண்டு அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிடித்த பிடி.

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"அண்ணே, அக்கா இதைப் போட்டுகினு ஸ்கூட்டர் ஓட்டுனா, நீங்க பின்னால உக்காருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல நேரமாயிற்று. நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

"சேல... வழுக்குது" என்றார். "புடிக்க... ஒண்ணுமில்ல."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. முன்பு ஒரு நாள் பிசியோதெரபிக்குப் போகும்போது, பஸ் ஸ்டாண்டு முனையில் பஸ் ஒன்றுக்காக அக்கா வண்டியைச் சட்டென்று ஒடித்திருக்கிறார். அண்ணன் ஒரு பக்கம் சரிந்தார். நல்ல கையால் அக்காவின் தோளைப் பிடிக்க, சேலை கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்துச் சக்கரம் இருந்ததால் வண்டி விழவில்லை, யாருக்கும் அடியில்லை. அக்கா அதை மறந்தே போயிருந்தார். ஆனால் வாழ்நாளெல்லாம் வண்டியை ஓட்டிய மனிதர் அன்றைக்கு முதல் தடவையாகப் பயந்திருக்கிறார். பயம் என்று சொல்ல முடியவில்லை. வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

சமையலறை வாசற்படியில் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் வந்து பாயில் உட்கார்ந்து, ஜாக்கெட்டின் அந்தத் தேய்ந்த இடத்தைத் தடவினார்.

"காத்து அடிக்கும்" என்றார் அண்ணன் அவரிடம். "முன்னால... உக்கார்றவங்களுக்குத்தான்... காத்து."

அக்கா எழுந்து நின்று கைகளைப் பின்னால் நீட்டினார். நான் போட்டுவிட்டேன். தோள் இறங்கியது, கை நீளமாகத் தொங்கியது. கண்ணாடி பார்த்து, சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருக்கிறேன் என்றார். அண்ணன் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரித்தது. அவர் சிரித்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை.

கடைக்குத் திரும்பி பாபு பாயிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் அந்தப் பழுப்பு இடத்தைப் பார்த்தார். அப்புறம் எங்கள் சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தோளைச் சுருக்க வேண்டாம் என்று உடனே முடிவு செய்தோம். கை நீளத்தை உள்பக்கமாக மடித்துவிட்டால் போதும், உள்ளே ஸ்வெட்டர் போட்டால் தோள் நின்றுவிடும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தத் தேய்ந்த இடத்துக்கு மேல் ஒரு கைப்பிடி. அது விட்டுவிடாத கைப்பிடியாக இருக்க வேண்டும். கெட்டியான மாட்டுத் தோலில் இரட்டைப் பட்டையாக அதைச் செய்து, இடுப்புத் தையல் ஓடும் இடத்தில், அதே பழைய ஓட்டைகளில் கோத்தோம்.

வேலை அழகாக வந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஆசை. பாபு பாய் ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டு திரும்பி நின்றார்.

"இழுங்க" என்றார்.

மெதுவாக இழுத்தேன்.

"ஆளு விழுறப்ப இப்பிடியா இழுப்பாரு? தொங்குங்க."

இரண்டு கையாலும் பிடித்து என் உடம்பு கனத்தைப் போட்டேன். படபடவென்று ஒரு சத்தம். பிடி அறுந்துவரவில்லை. தோலும் அசையவில்லை. ஆனால் இடுப்பைச் சுற்றிப் போன பழைய தையல், நாங்கள் தொடாத தையல், முதுகு அகலத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

தோல் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். அதைச் சேர்த்து வைத்திருந்தது பருத்தி நூல். உள்ளுக்குள்ளே இற்றுப்போய், பார்வைக்கு மட்டும் தையலாக இருந்திருக்கிறது. நல்ல சரக்கு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். அது அவ்வளவு உறுதியாக, அவ்வளவு அழகாக இருக்கும். எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க மறந்துவிடுவோம். அந்தச் சத்தம் எங்கள் கடையில் கேட்டதற்காக நான் இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். சாலையில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

அதற்குள் கிறிஸ்மஸ் கிட்டே வந்துவிட்டது. மெஷினில் ஓட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் மெஷின் ஊசி பழைய ஓட்டையைத் தேடிக்கொண்டு இருக்காது, பக்கத்தில் புதிதாகப் போடும். ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் தோல் தபால்தலை மாதிரிக் கிழியும். கையால்தான் தைக்க வேண்டும். இடுப்பு மட்டும் இல்லை, பாரம் போகிற தோள் தையலும், பக்கத் தையலும். மற்ற வேலைகளை நிறுத்தினோம். கிறிஸ்மஸுக்குப் பை கேட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் ஒரு பக்கம், பாபு பாய் எதிர்ப் பக்கம். ஒரே ஓட்டையில் அவர் ஊசி வர என் ஊசி போக, அந்த ஜாக்கெட்டை யார் முதலில் தைத்தார்களோ அவர்கள் போட்ட தடத்திலேயே திரும்ப நடந்தோம். கம்பெனியில் அத்தனை காலம் ஒரே ரூமில் இருந்தும் நாங்கள் ஒரு துண்டை அப்படிச் சேர்ந்து தைத்ததில்லை.

முடித்ததும் மறுபடி தொங்கிப் பார்த்தேன். பாபு பாய்தான் பின்னால் சாய்ந்தார். தையல் அசையவில்லை.

அப்படியும் நான் அக்காவிடம் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லியே கொடுத்தேன். இது பிடித்துக்கொள்ள மட்டும்தான்; விழாமல் காப்பது சக்கரமும் சாய்மானமும் நீங்கள் ஓட்டுகிற விதமும். பிசியோதெரபி பார்க்கிறவரிடம் காட்டுங்கள், முதலில் சர்ச் மைதானத்தில் சுற்றிப் பாருங்கள். நம் வேலை எவ்வளவு தாங்கும் என்று சொல்வது போலவே, எதைத் தாங்காது என்று சொல்வதும் நம் வேலை. அக்கா எல்லாவற்றையும் கேட்டார். மைதானத்தில் சுற்றிப் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிறிஸ்மஸ் அன்று விடிவதற்கு முன்னாலேயே நான் சர்ச்சுக்குப் போய்விட்டேன். நல்ல பனி. காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடையில் பாபு பாய் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்றார். தையலைப் பார்க்க வந்தார் என்று எனக்குத் தெரியும்.

முதல் மணி அடித்த பிறகு ஸ்கூட்டர் வந்தது. சுகிர்தம் அக்கா அரக்குப் பட்டுச் சேலைக்கு மேல் அந்தக் கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டு, காலரைத் தூக்கிவிட்டிருந்தார். பின்னால் இஸ்ரவேல் அண்ணன், வெள்ளைச் சட்டை, தலையில் குல்லா, வலது கையில் பிடி. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இறக்கிவிட இரண்டு பேர் ஓடினார்கள். அண்ணன் தலையை ஆட்டி அவர்களை நிறுத்தினார். பிடியைப் பலமாகப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, அக்கா அசையாமல் நிற்க, தானே இறங்கினார்.

சர்ச் படியில் அக்கா ஜாக்கெட்டைக் கழற்றப் போனார். பட்டுச் சேலை எல்லோருக்கும் தெரிய வேண்டாமா. அண்ணன் வேண்டாம் என்றார். அப்படியே உள்ளே போனார்கள். ஆராதனை முழுக்க முன் பெஞ்சில் அந்தப் பழைய தோல் வாசனை இருந்தது என்று ஆயர்கூடப் பிறகு சொன்னார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நான் அவர்களிடம் போனேன். பயமாக இருந்ததா என்று அண்ணனைக் கேட்டேன். அவர் அக்காவைக் காட்டி, "மெதுவா... ஓட்டுறா" என்றார்.

"கேட்டியா மார்த்தா?" என்றார் அக்கா. "காலமெல்லாம் பின்னால உக்காந்து 'மெதுவா போங்க, மெதுவா போங்க'ன்னு சொல்லிகினே இருந்தேன். ஒரு நாளாவது கேட்டிருப்பாரா இந்த மனுசன்? நான் மட்டும் கேக்கணுமா?"

வண்டியைக் கிளப்பினார்கள். பாபு பாயும் நானும் காம்பவுண்டு வாசலில் நின்று பார்த்தோம். அவர்கள் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி திரும்பவில்லை. பனி விலகிக்கொண்டிருந்த பெரணமல்லூர் சாலையில் நேராகப் போனது. பாபு பாய் அந்த முதுகுத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார், வண்டி கண்ணிலிருந்து மறையும்வரைக்கும்.

எங்கே போனீர்கள் என்று அடுத்த ஞாயிறு அக்காவிடம் கேட்டேன்.

"எங்கயும் இல்ல" என்றார். "அவரு எறங்கணும்னு சொல்லல. போயிகினே இருந்தோம்."